பிளாஸ்க்கோடு இறங்கிய படைத்தலைவன்

பூமியைப் பிடிக்க வந்தவன் கக்கத்தில் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு இறங்கினால் யார் பயப்படுவார்கள்? யாரும் பயப்படவில்லை. உருகுவே நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மற்ற ஊர்கள் ஒரு வாரம் சிரித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டன. எங்கள் ஃபிராய் பெந்தோஸ் மட்டும் முப்பது வருஷமாக விடாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அதுவும் தப்பான ஆளைப் பார்த்து.

சரியான ஆள் ஹேபர் புருஸ்கோ. வயது அறுபத்தொன்று. சதுக்கத்துக்குப் பின்தெருவில் உள்ள ஹார்டுவேர் கடையில் முப்பத்து நாலு வருஷமாக ஆணியும் கீலும் எடுத்துக் கொடுக்கிறவர். எந்தக் கதவுக்கு எந்தக் கீல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவர் வீட்டுப் பின்கதவு மட்டும் பதினொரு வருஷமாக முனகிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி மனைவி நிபியா எதுவும் சொல்வதில்லை. கதவு முனகும்போது அவரை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஊர் சிரித்தது எடிசனைப் பார்த்து. பெயர்தான் எடிசன், வீட்டில் பல்பு மாற்றக்கூட ஹேபரைத்தான் கூப்பிடுவார். சின்ன வயதிலிருந்தே சிநேகிதம். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். முகம் மட்டும்தான் வேறு. முகம் வேறாக இருந்தது அந்த ஒரு நாளைக்குக் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் முகமூடி போட்டிருந்தது.

அது 1989. தலைநகரத்திலிருந்து ஒரு சேனல்காரர்கள் வந்து, மூடிக்கிடந்த இறைச்சித் தொழிற்சாலையில் தொடர் எடுத்தார்கள். பெயர் ‘ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்’. வேற்றுக்கிரகத்தார் பூமியைப் பிடிக்கிற கதை. ஏன் உருகுவேயில் வந்து இறங்கினார்கள் என்பதற்கு முதல் பாகத்திலேயே காரணம் சொன்னார்கள்: இங்கே மனிதரைவிட மாடுகள் அதிகம், எதிர்ப்பு குறைவாக இருக்குமாம். குளிர் அறைதான் விண்கலம். மாடு வெட்டுகிறவர்கள் கட்டும் ரப்பர் மேலங்கிகளுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துச் சீருடை ஆக்கினார்கள். பெயின்ட் ஹேபர் கடையில் வாங்கியது. வெட்டித் தைத்துக் கொடுத்தது நிபியா. அப்போது அவளுக்கும் ஹேபருக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம்.

எடிசனுக்குப் படைத்தலைவன் வேஷம் கிடைத்தது. ஹேபருக்கு மூன்றாம் சிப்பாய். மூன்றாம் சிப்பாய்க்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, இரண்டாம் சிப்பாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாதபடி செய்தார் என்று ஹேபர் இன்றைக்கும் நம்புகிறார்.

ஆறாவது பாகத்துக்கு ஷூட்டிங் நடந்த ஒரு சனிக்கிழமை எடிசன் காலையிலேயே ஹேபர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“டேய், இன்னைக்கு ஒருநாள் என் உடுப்ப நீ போட்டுக்கோ. பக்கத்து ஊர் மெர்சிடஸ்ல ஒரு பொண்ணு வரச் சொல்லியிருக்கா.”

“எனக்கு நடிக்கத் தெரியாதுடா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? கதவு தொறக்கும், வெளிய வரணும், வலது கையத் தூக்கணும். குரலெல்லாம் ரேடியோக்காரன் அப்புறம் போட்டுப்பான். மூணாம் சிப்பாய்க்குக் காய்ச்சல்னு சொல்லிடு.”

ஹேபர் முகமூடியோடேயே போனார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஜூலை எங்களுக்கு நடுக்குளிர்காலம், அதிலும் குளிர் அறை. இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒற்றை ஆளாக நிற்க வைத்துவிட்டு, விளக்கு சரியில்லை, புகை சரியில்லை என்று ஒன்றரை மணி நேரம் ஓட்டினார்கள். ஹேபர் முகமூடியின் தாடையைத் தூக்கி மாத்தே குடித்துக்கொண்டிருந்தார். சுரைக்குடுவையில் கசப்பு இலையைப் போட்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஊற்றி உறிஞ்சுவது. எங்கள் ஆட்களைக் கருமாதியில் பார்க்கலாம், கால்பந்து மைதானத்தில் பார்க்கலாம், மோட்டார் சைக்கிள் மேல் பார்க்கலாம், கக்கத்தில் பிளாஸ்க் இல்லாமல் பார்ப்பது கஷ்டம். வலது கையில் குடுவை, இடது கக்கத்தில் பிளாஸ்க். ஊரெல்லாம் அப்படித்தான். ஹேபர் மட்டும் மாறுகை. ஒன்பது வயதில் ஆரஞ்சு மரத்திலிருந்து விழுந்ததில் அவருடைய இடது முழங்கை சரியாக மடங்காது, சரியாக நீளவும் நீளாது. ஆகவே பிளாஸ்க் வலது கக்கத்தில்.

திடீரென்று இயக்குநர் “ஆரம்பி!” என்று கத்தினார். கதவு திறந்தது. ஹேபர் குடுவையைக் கீழே வைத்தார், முகமூடியை இறக்கினார், வெளியே நடந்தார். பிளாஸ்க்கை வைக்கவில்லை. வைக்கத் தோன்றவில்லை. கையைக் கழற்றி வைத்துவிட்டு வர ஒருவனுக்குத் தோன்றுமா? வலது கை பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்ததால் இடது கையைத் தூக்கினார். அது பாதி வரைதான் எழும்பியது. மனிதகுலத்தைச் சரணடையச் சொல்ல வேண்டிய கை, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்வதுபோல நின்றது.

இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது துணை நடிகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்கள் கக்கத்திலும் பிளாஸ்க் இருந்தது. அப்புறம் எடிட்டிங்கிலும் யாரும் கவனிக்கவில்லை. ஒளிபரப்பான மறுநாள் ஒரு பத்திரிகையில் படம் போட்டு, ‘பூமியைப் பிடித்துவிட்டார்கள், தண்ணீர் ஆறுவதற்குள்’ என்று எழுதினார்கள். ஏழாவது பாகம் வரவேயில்லை. பதிமூன்று பாகம் என்று ஆரம்பித்தது ஆறோடு நின்றது.

ஊர் எடிசனுக்குச் ‘செவ்வாய்க்காரன்’ என்று பெயர் வைத்தது. கதையில் வந்தவர்கள் செவ்வாய்க் கிரகத்துக்காரர்கள் இல்லை. ஆனால் ஊருக்கு அவ்வளவு வானசாஸ்திரம் தேவைப்படவில்லை. எடிசன் வாய் திறக்கவில்லை. ஹேபரும் திறக்கவில்லை. இருவரும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை. தன் பழியைச் சிநேகிதன் சுமக்கிறான், பெருந்தன்மையாக மௌனமாகச் சுமக்கிறான் என்று ஹேபர் நினைத்துக்கொண்டார். தைரியமுள்ள மனிதனாக இருந்தால் எழுந்து நின்று சொல்லியிருப்பார். தைரியம் இல்லாததால் பரிகாரம் செய்தார். எடிசன் வீட்டுத் தகரக் கூரையை நாலு தடவை மாற்றினார். எண்ண முடியாத அளவு பல்பு மாற்றினார். எடிசன் ‘செவ்வாய்’ என்று ஒரு சாப்பாட்டுக் கடை திறந்ததும், சனிக்கிழமை தவறாமல் போய் அங்கே இறைச்சி ரொட்டி சாப்பிட்டார். எடிசனுக்கு இறைச்சி எப்போது வெந்தது என்று என்றைக்குமே தெரிந்ததில்லை. அந்த ரொட்டியைப் பல்லால் இழுக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹேபருக்குப் பாவம் கொஞ்சம் கரைவது போலிருக்கும். கிட்டத்தட்ட ஆயிரத்தைந்நூறு ரொட்டி. பல் போனதுதான் மிச்சம், பாவம் போகவில்லை.

இந்த ஆகஸ்டில் தலைநகரத்திலிருந்து ஹிமேனா என்றொரு பெண் வந்தாள். பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தேடி ஆராய்ச்சி செய்கிறவள். ‘ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள்’ நாடாக்களை எல்லாம் அழித்து மேலே கால்பந்து ஆட்டம் பதிந்துவிட்டார்களாம். ஒன்றே ஒன்று மட்டும் ஒலிப்பதிவாளர் வீட்டு அலமாரியில் தப்பித்திருந்தது. எது என்று கேட்கவே வேண்டாம். ஆறாவது பாகம். ஞாயிறு மதியம் நாலு மணிக்குத் தொழிலாளர் மன்றத்தில் ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டப் போவதாக, பசை வாங்கக் கடைக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

“சுத்தம் பண்ணிட்டோம் ஐயா. இப்ப எல்லாமே பளிச்சுன்னு தெரியுது.”

“எல்லாமேன்னா?”

“விரல்கூடத் தெரியுது.”

ஹேபர் பசைக்குப் பதிலாக எலி மருந்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

முப்பது வருஷம் முன்னால் மங்கலான பெட்டியில் ஒரு தடவை பார்த்தது வேறு. இப்போது பெரிய திரையில், பளிச்சென்று, அந்தப் பாதி எழும்பிய கை. ஊரில் அப்படிக் கை உள்ளவர் ஒருவர்தான். மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் தானே எழுந்து சொல்லிவிடுவது என்று ஹேபர் முடிவு செய்தார். முடிவு செய்ததும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகக்கூடத் தோன்றியது. கட்டாயத்தில் வருகிற நேர்மைக்கும் நேர்மை என்றுதானே பெயர். முதலில் எடிசனிடம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மதியம் ‘செவ்வாய்’க்குப் போனார்.

வாசல் பலகையில் பச்சை நிறத்தில் ஒரு வேற்றுக்கிரகத்தான், இடது கக்கத்தில் பிளாஸ்க்கோடு. உள்ளே எடிசன் அடுப்புக்கு முன்னால் நின்றார்.

“எடிசன், ஒரு விஷயம் பேசணும்.”

“முட்டை வேணாம்னு சொல்லப்போறியா? போட்டாச்சு.”

“நாளைக்கு அந்தப் படத்தப் போடறதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சு உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

“என்ன உண்மை?”

“அது நீ இல்ல, நான்னு.”

எடிசன் அடுப்பை அணைத்தார். அவர் அடுப்பைச் சரியான நேரத்தில் அணைத்து ஹேபர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“உனக்கு ஏன் இந்தக் கேடுகெட்ட புத்தி?”

“முப்பது வருஷமா எனக்காக நீ அவமானப்பட்டிருக்கடா...”

“அவமானமா? யாருக்கு? மெர்சிடஸ்லேர்ந்து பஸ் புடிச்சு வந்து என்னோட போட்டோ எடுத்துக்கிறாங்க. திருவிழா ஊர்வலத்துல என்னை லாரி மேல ஏத்தி நிக்க வெச்சாங்க, ஊரே கைதட்டுச்சு. ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தரப் பத்தி எழுதுன்னு பள்ளிக்கூடத்துல சொன்னா, என் பேத்தி யாரப் பத்தி எழுதினா தெரியுமா? மேயரப் பத்தியா? என்னைப் பத்தி! வாசல்ல பலகையப் பாரு. அதுல தொங்குறது உன் மூஞ்சியா?”

“எனக்கு மனசு உறுத்துதுடா.”

“உறுத்தட்டும். நீ செவ்வாய்க்காரனா இருந்தது ஒரு நாள். நான் முப்பது வருஷமா இருக்கேன். உழைச்சது யாரு? சொல்லு.”

ஹேபர் யோசித்துப் பார்த்தால் எடிசன் சொன்னதில் நியாயம் இருந்தது. இத்தனை வருஷமாகத் தான் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டதாக உருகிக்கொண்டிருக்க, அந்த மனிதன் அதை வைத்துப் பிழைத்து, குடும்பத்தை நிமிர்த்தி, லாரி மேல் நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் அந்த நாலு தகரக் கூரை? ஆயிரத்தைந்நூறு ரொட்டி?

“நான் சொல்லலைன்னாலும் படத்துலயே தெரியும்டா. கையப் பாரு.” ஹேபர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். பாதியில் நின்றது.

எடிசன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கொழுத்த மனிதர், திடீரென்று சுருங்கியது போலத் தெரிந்தது.

“அந்தப் பொண்ணு வரவேயில்லடா அன்னைக்கு,” என்றார். “பஸ் நிலையத்துல ரெண்டு தட்டு ரவியோலி தின்னுட்டுத் திரும்பி வந்தேன். எனக்குக் கெடச்சது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துக்கிட்டா, எறைச்சிய வேக வைக்கத் தெரியாத கெழவன்தான் மிச்சம்.” பிறகு நிமிர்ந்து, “நீ நாளைக்கு வாயத் தொறந்தா நமக்குள்ள ஒண்ணும் கெடையாது. ஆமா, சொல்லிட்டேன். சனிக்கிழமை இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்காத,” என்றார்.

ரொட்டி சாப்பிட வேண்டாம் என்பது ஒரு தண்டனையாகத் தனக்கு வலிக்கும் என்று ஹேபர் கனவிலும் நினைத்ததில்லை. வலித்தது.

ஞாயிறன்று மழை. மழை என்றால் எங்களுக்குப் பொரித்த ரொட்டி. மன்றத்து சமையலறையில் பெண்கள் மாவைப் பிசைந்து கொழுப்பில் போட்டு எடுத்துக்கொண்டேயிருந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். அத்தனை கக்கத்திலும் பிளாஸ்க். எடிசன் முன்வரிசையில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, பழைய ரப்பர் முகமூடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹேபரும் நிபியாவும் நாலாவது வரிசை. எடிசன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முறைக்கிற பார்வை என்றால் தாங்கிக்கொண்டிருக்கலாம். கெஞ்சுகிற பார்வை.

ஹிமேனா மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசினாள். “பிளாஸ்க்காலதான் தொடர் நின்னுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது தப்பு. சேனலோட பழைய கடுதாசியப் பாத்தேன். ஆறாவது பாகம் ஒளிபரப்பாகறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தறதுன்னு முடிவாயிடுச்சு. யாரும் பாக்கலையாம், அவ்வளவுதான்.”

ஹேபருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். ஏனோ ஏமாற்றமாக இருந்தது. ஒரு தொடரையே தனி ஆளாகக் கவிழ்த்தவன் என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தார். அந்தப் பெருமையும் தனக்கில்லை.

விளக்கை அணைத்தார்கள். திரையில் குளிர் அறை, புகை. கதவு திறந்தது. ஹேபரின் கக்கத்தில் இருந்த பிளாஸ்க்கை யாரோ உருவினார்கள். பார்த்தால் நிபியா. அதை எடுத்துத் தன் இடது கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கண் திரையில்.

படைத்தலைவன் வெளியே வந்தான். மன்றம் அதிர்ந்தது. “செவ்வாய்க்காரா! செவ்வாய்க்காரா!” என்று கத்தல், கைதட்டல், விசில். எடிசன் எழுந்து குனிந்து வணக்கம் சொன்னார். ஹிமேனா படத்தை அப்படியே நிறுத்தி வைத்தாள், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று. சிரிப்பு அடங்கியபோது பின்னாலிருந்து நெல்லி டீச்சர் குரல் வந்தது. எடிசனுக்கும் ஹேபருக்கும் நாலாம் வகுப்பு எடுத்தவள். எண்பத்தாறு வயது. கண் மட்டும் முப்பது.

“ஏம்பா எடிசன், பிளாஸ்க் ஏன் வலது பக்கம் இருக்கு? நீ இடதுல வெக்கிறவனாச்சே. அந்த இடது கை ஏன் மேல ஏறல?”

மன்றம் திரையைப் பார்த்தது. எடிசனைப் பார்த்தது. பேத்தி, “தாத்தா?” என்றாள். யாரோ ஒருவர் மெதுவாக ஹேபர் இருந்த திசையில் தலையைத் திருப்ப ஆரம்பித்தார்.

ஹேபர் எழுந்தார். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தார் என்று அவரே பின்னால் சொல்லுவார். மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வந்தது வேறு.

“அது டீச்சர், அன்னைக்குக் காலையில எடிசன் குளிர் அறைப் படியில வழுக்கி விழுந்துட்டான். இடது கை வீங்கிப்போச்சு. நான்தான் துணி சுத்திக் கட்டினேன். வேணாம்டா, வீட்டுக்குப் போன்னேன். கேட்டாத்தானே? இத்தனை பேர் வந்திருக்காங்க, என்னால வேலை நிக்கக்கூடாதுன்னான். அந்தக் கையோடதான் டீச்சர் தூக்கினான்.”

வாழ்நாளில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். முன்வரிசையில் எடிசன் தன் இடது முழங்கையை மெல்லத் தடவிக்கொண்டார். மழைக்காலத்தில் இன்னமும் வலிப்பது போல முகத்தைச் சுளித்தார். நடிக்கத் தெரியாது என்று சொன்ன ஆள்.

“நீ காய்ச்சல்ல படுத்திருந்ததா இல்ல ஞாபகம்?” என்றாள் நெல்லி டீச்சர்.

“காய்ச்சலோடதான் போனேன் டீச்சர்.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாலாம் வகுப்பில் வீட்டுப்பாடத்தை மாடு தின்றுவிட்டது என்று இவர் சொன்னபோது பார்த்த அதே பார்வை. பிறகு, “சரி, உக்காரு,” என்றாள்.

இந்தத் தடவை கைதட்டல் இன்னும் பெரிதாக இருந்தது. கை உடைந்தும் கடமை தவறாத வீரன்! எடிசன் திரும்பி ஹேபரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பா நிஜமா என்று ஹேபரால் சொல்ல முடியவில்லை. எடிசனாலும் முடியாது என்றுதான் தோன்றியது. அந்தக் கைதட்டலில் உட்கார்ந்திருந்த ஹேபருக்கு ஒரு சின்னப் பொறாமை எட்டிப் பார்த்தது. பழியாக இருந்தவரை வேண்டாம் வேண்டாம் என்று ஒளிந்த மனிதர். பாராட்டாக மாறியதும், அந்தக் கை என்னுடையதாக்கும் என்று உள்ளே ஒரு குரல். அதை ஒரு பொரித்த ரொட்டியை வாயில் போட்டு அடைத்தார்.

மழை விட்டபின் வீட்டுக்கு நடந்தார்கள். பிளாஸ்க் இன்னும் நிபியாவிடமே இருந்தது.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றார் ஹேபர்.

“அந்த உடுப்பத் தொவச்சது யாரு? வலது கக்கத்துல மாத்தேக் கறை. எடிசனுக்கு வலது கக்கத்துல என்ன வேலை?”

“முப்பது வருஷமா ஏன் சொல்லல?”

“நீயே சொல்லுவன்னு பாத்தேன். பின்கதவுக்கு எண்ணெய் போடுவன்னும்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஆற்றுப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது. ஹேபருக்கு ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்க வெட்கமாகவும் இருந்தது.

“நான் எப்படி இருந்தேன்? படத்துல?”

“பூமியப் புடிக்க வந்தவன் மாதிரி இல்ல. மாவு வாங்கப் போறவன் மாதிரி நடந்த.”

“அந்தக் கை?”

நிபியா நின்று யோசித்தாள். பொய் சொல்கிற பழக்கம் அவளுக்கில்லை.

“கை பரவாயில்ல,” என்றாள். “பஸ்ஸா இருந்தா நின்னிருக்கும்.”

அடுத்த சனிக்கிழமை ‘செவ்வாய்’க்குப் போனபோது, ஏணி மேல் ஒரு பெயின்டர் நின்று பலகையில் இருந்த பச்சை மனிதனின் பிளாஸ்க்கை இடது கக்கத்திலிருந்து வலது கக்கத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளே எடிசனும் பிளாஸ்க்கை வலது பக்கம் மாற்றியிருந்தார். பழக்கமில்லாமல் வெந்நீரைச் சிந்தி இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டிருந்தார். ஹேபரைப் பார்த்ததும் தட்டில் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தார், முட்டை இரண்டு போட்டிருந்தார். ஹேபர் கடித்துப் பார்த்தார்.

வழக்கம்போல வேகாத இறைச்சி. முழுவதையும் சாப்பிட்டார்.